ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்: சோமாலிலாந்தின் விண்ணப்பத்துக்கு எப்போது பதில் சொல்வீர்கள்?

ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும், அமைதி மற்றும் பாதுகாப்பு மன்றத்தின் உறுப்பு நாடுகளுக்கும்,

1991இல் சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்த சோமாலிலாந்தை 2025 டிசம்பர் 26 அன்று இஸ்ரேல் தனி நாடாக அங்கீகரித்தது. உடனே உங்கள் ஆணையம் அறிக்கை விட்டது. சோமாலிலாந்து சோமாலியாவின் பிரிக்க முடியாத பகுதி, எல்லைகளைப் பற்றி 1964இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் எடுத்த முடிவுதான் இன்றைக்கும் செல்லும் என்று சொன்னீர்கள். அந்த அறிக்கையில் நான் ஒரு விஷயத்தைத் தேடினேன். 2005இல் நீங்களே சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கேசாவுக்கு அனுப்பிய குழு எழுதிக்கொடுத்ததைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமா என்று பார்த்தேன். இல்லை. அதே வருடம் டிசம்பரில் சோமாலிலாந்து உங்களிடம் கொடுத்த உறுப்பினர் விண்ணப்பத்தைப் பற்றியும் இல்லை. மறுப்புச் சொல்ல உங்களுக்கு நேரமே ஆகவில்லை. விண்ணப்பத்துக்குப் பதில் சொல்ல மட்டும் இருபது வருடம் போதவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் இந்தியாவிலிருந்து போனவன். 2012 முதல் 2018 வரை ஹர்கேசாவில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப்பதிவியல் கற்றுக்கொடுத்தேன். மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல எனக்குத் தாய்மொழியில்தான் வரும், அதனால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி தனியாக உங்கள் அடிஸ் அபாபா அலுவலகத்துக்கு வரும். உனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆறு வருடம் அந்த ஊர் உப்பைத் தின்றிருக்கிறேன். என் மாணவர்கள் சிலர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அது போதும் என்று நினைக்கிறேன்.

இஸ்ரேல் அந்த மக்கள் மேல் பிரியப்பட்டு இதைச் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். ஏடன் வளைகுடாவின் ஒரு கரையில் பெர்பெரா துறைமுகம், எதிர்க்கரையில் ஏமன். கணக்கு அவ்வளவுதான். காசாவில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கையிலிருந்து வருகிற அங்கீகாரத்தை வாங்கிக்கொள்ள என் பழைய மாணவர்களிலேயே சிலருக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவன் எழுதினான்: "முப்பத்து நான்கு வருடம் தாகத்தோடு இருந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் குடிக்க முடியவில்லை, தாகமும் அடங்கவில்லை." இந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியதில் உங்கள் பங்கு பெரியது. உங்கள் வாசலில் நின்றவர்களுக்கு உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேறு வாசல்களைத் தேடிப் போனார்கள். போன பிறகு ஏன் போனாய் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் குழுவை உங்களுக்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2005 ஏப்ரல் 30 முதல் மே 4 வரை, அப்போதைய ஆணையத் துணைத் தலைவர் பேட்ரிக் மாஸிம்ஹாக்கா தலைமையில் அந்தக் குழு சோமாலிலாந்தில் இருந்தது. 1960இல் சோமாலியாவோடு நடந்த இணைப்பு முறைப்படி முழுமை பெறவே இல்லை என்றும், அங்கீகாரம் கேட்கும் இந்தக் கோரிக்கை ஆப்பிரிக்க அரசியல் வரலாற்றில் தனித்தன்மையானது, தன்னளவில் நியாயம் உடையது என்றும் எழுதினார்கள். இதைத் தொட்டால் மற்ற எல்லைச் சண்டைகளெல்லாம் கிளம்பிவிடும் என்ற பயத்தோடு இதை முடிச்சுப்போடக் கூடாது, இதற்கென்று தனி வழி ஒன்றை ஒன்றியம் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். வெளியாள் யாரும் எழுதியதில்லை இது, உங்கள் ஆட்கள் எழுதியது. அதன் சுருக்கம் கைக்குக் கை மாறி வந்து ஹர்கேசாவில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அதன் மேல் நீங்கள் எடுத்த முடிவு என்ன என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எடுக்கவில்லை.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை எல்லோரும் ஈடோ என்று கூப்பிடுவார்கள். சோமாலியில் அத்தை. நானும் அப்படியே கூப்பிட்டேன். காலையில் லஹோஹ் சுடுவார், நம் ஆப்பத்துக்கும் ஊத்தப்பத்துக்கும் நடுவில் இருக்கும், மேலெல்லாம் ஓட்டை ஓட்டையாக. அதில் நல்லெண்ணெய் விட்டுச் சர்க்கரை தூவி, ஏலக்காய் போட்ட டீயோடு வாசல் வரை கொண்டுவந்து கொடுப்பார். வீட்டு முற்றத்தைக் கடக்கும்போது அவர் எப்போதும் இடது சுவரை ஒட்டித்தான் நடப்பார். நேரே போனால் பத்து அடி, அவர் போகிற வழியில் இருபது அடி. கையில் தட்டு இருந்தாலும் அப்படித்தான். கால் வலி ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் பேரன்தான் சொன்னான். 1991இல் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, முற்றத்தின் நடுவில் கண்ணிவெடி புதைத்திருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த முன்னாள் போராளி ஒருவர் படுத்துக்கொண்டே ஊர்ந்து போய் அதை எடுத்தார். எடுத்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. ஈடோவின் கால் மட்டும் அந்த இடத்தை மிதிக்கச் சம்மதிக்கவில்லை.

1988 மே மாதக் கடைசியில், வடக்கில், அதாவது இன்றைய சோமாலிலாந்தில், அரசை எதிர்த்துப் போராடிய சோமாலி தேசிய இயக்கத்தின் போராளிகள் புராவோவுக்குள்ளும் ஹர்கேசாவுக்குள்ளும் நுழைந்தார்கள். சோமாலியாவை அன்று ஆண்ட சர்வாதிகாரி சியாத் பர்ரேயின் அரசு ஊரையே தண்டித்தது. ஹர்கேசாவின் விமான நிலையத்திலிருந்தே விமானங்கள் மேலேறி ஹர்கேசாவின் மேலேயே குண்டு போட்டுவிட்டு அதே ஓடுபாதையில் வந்து இறங்கின. சொந்த நாட்டு அரசு, சொந்த நாட்டு விமானப் படை. ஊரில் பெரும்பகுதி தரைமட்டம். குறைந்தது 50,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் கணக்குச் சொல்லின. லட்சக்கணக்கானவர்கள் எத்தியோப்பிய எல்லையைத் தாண்டி ஹர்த்தஷேய்க் முகாமுக்கு நடந்தார்கள். ஈடோ இரண்டு பிள்ளைகளோடு நடந்தார். பகலில் முள்மரத்தடியில் படுத்திருந்து இரவில் மட்டும் நடந்திருக்கிறார், விமானம் பார்த்துவிடும் என்று. விழுந்த விமானங்களில் ஒன்று, மிக் ரகம், இன்றும் ஊர் நடுவே மேடை கட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழேதான் பணம் மாற்றுகிறவர்கள் ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் வரலாறு படிப்பது அந்த மேடையில்தான்.

ஈடோ இணைப்புக்கு எதிரியாகப் பிறந்தவர் இல்லை. 1960 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் சோமாலிலாந்து விடுதலை பெற்றபோது அவருக்கு ஏழு வயது. ஐந்தே நாள் தனி நாடாக இருந்துவிட்டு ஜூலை 1 அன்று தெற்கோடு, அதாவது இத்தாலியின் கீழ் இருந்த சோமாலியாவோடு, தானாகப் போய்ச் சேர்ந்தது. அவர் அப்பா அன்று தெருவில் ஆடியிருக்கிறார். "யாரும் எங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை, நாங்களாகத்தான் போனோம்" என்று ஈடோ சொல்வார். "போன வீட்டில் கொல்லப் பார்த்தார்கள், திரும்பி வந்துவிட்டோம். திரும்பி வந்தவளைப் பார்த்து நீ இன்னும் அந்த வீட்டு மருமகள்தான் என்கிறீர்களே, அடிபட்டபோது எங்கே இருந்தீர்கள்?" அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. கேள்வி உங்களுக்கு உரியது, அதனால் அனுப்பி வைக்கிறேன்.

சட்டம் பேசுகிறவர்களுக்கும் இதில் நிறைய இருக்கிறது. இணைப்புக்காக ஹர்கேசாவில் நிறைவேற்றிய சட்டம் ஒன்று, சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் ஒப்புக்கொண்ட வாசகம் வேறு. 1961 ஜனவரியில் முன்தேதியிட்டுப் புதிய சட்டம் போட்டுத்தான் அதைச் சரிக்கட்டினார்கள். அந்த ஜூனில் அரசியல் சாசன வாக்கெடுப்பு வந்தபோது வடக்கில் பெரிய கட்சி புறக்கணித்தது, வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டாம் என்றார்கள். டிசம்பரில் வடக்கு ராணுவ அதிகாரிகள் சிலர் ஹர்கேசாவில் கலகம் செய்து பிடிபட்டார்கள். வழக்கை விசாரித்த பிரிட்டிஷ் நீதிபதி, செல்லத்தக்க இணைப்புச் சட்டமே இல்லாதபோது இவர்களைத் தண்டிக்க முடியாது என்று விட்டுவிட்டார்.

நீங்கள் காட்டுகிற 1964 தீர்மானத்தைப் பார்ப்போம். விடுதலை பெற்றபோது இருந்த எல்லையை மதிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் சாசனத்தின் நான்காம் பிரிவும் அதையே சொல்கிறது. அன்று கெய்ரோவில் அந்தத் தீர்மானத்தை ஏற்க மறுத்த நாடு சோமாலியா என்பது உங்கள் ஆவணங்களிலேயே இருக்கும். எத்தியோப்பியாவின் ஒகாடேன், கென்யாவின் வடகிழக்கு, ஜிபூத்தி எல்லாம் தன்னோடு சேர வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டிருந்த காலம். அதன் கொடியில் உள்ள நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் இந்த மூன்றோடு வடக்கும் தெற்கும் சேர்ந்த ஐந்து நிலங்கள். இன்று மொகதிஷு அதே தீர்மானத்தைக் காட்டி 1960 ஜூலை 1இன் எல்லை என்கிறது. ஹர்கேசாவும் அதையே காட்டி 1960 ஜூன் 26இன் எல்லை என்கிறது. ஒரே விதியை இரண்டு பேரும் தங்கள் பக்கம் இழுக்கும்போது யாராவது உட்கார்ந்து விசாரிக்கத்தானே வேண்டும்? செனகலும் காம்பியாவும் 1982இல் கூட்டுச் சேர்ந்து 1989இல் பிரிந்தன. எரித்ரியா 1993இல் பிரிந்தது, தெற்கு சூடான் 2011இல் பிரிந்தது. அவர்களையெல்லாம் உட்கார வைத்த மேசையில் இவர்களுக்கு ஒரு விசாரணைகூட இல்லையா?

பதில் வராததன் விலையை நான் என் வகுப்பில் பார்த்தேன். என்னிடம் படித்த பையன் ஒருவன், கணக்கில் புலி. இருப்புநிலைக் குறிப்பில் எங்கே தவறு என்று நான் பார்க்கும் முன் அவன் விரல் வைத்துவிடுவான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது, பாதிக் கட்டணமும் அவர்களே தருவதாகச் சொன்னார்கள். சோமாலிலாந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நாட்டுத் தலைநகரில் இருந்த ஒரு தூதரகத்துக்குப் போனான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பச்சை அட்டையைத் திறந்துகூடப் பார்க்காமல், இப்படி ஒரு நாடு எங்கள் பட்டியலில் இல்லை என்று தள்ளிவிட்டார். சோமாலியா பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு போ என்று நான்தான் சொன்னேன். வாங்கப் போனான். தாத்தா விடவில்லை. 1988இல் இரண்டு தம்பிகளைப் பறிகொடுத்தவர் அவர். அந்த அட்டையை வீட்டுக்குள் கொண்டு வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்றார். இடம் காலாவதியானது. அடுத்த வருடம் அவன் தஹ்ரீப் போய்விட்டதாக நண்பர்கள் சொன்னார்கள். சூடான், லிபியா வழியாகக் கள்ளத்தனமாக ஐரோப்பாவுக்குப் போவதற்கு அங்கே அந்தப் பெயர். லிபியா வரை போனது தெரியும். அப்புறம் தகவல் இல்லை. அவன் எழுதிய தேர்வுத்தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. 100க்கு 96.

இதுவரை படித்துவிட்டு, இவர் பிரிவினைக் கட்சி என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கலாம். மிச்சத்தையும் கேளுங்கள்.

ஹர்கேசாவில் நான் இருந்த தெருவில் கட்டட வேலை பார்த்த ஒருவர் பைதோவாவிலிருந்து வந்தவர். தெற்கில் சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவர். அவர் பேசும் மாய் வழக்கு வடக்கத்திக்காரர்களுக்குப் புரியாது, சின்னப் பையன்கள் பின்னாலேயே போய்ப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ஹர்கேசா அரசின் கண்ணில் அவர் வெளிநாட்டு அகதி. ஒரு நாள் சிமெண்டுக் கையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டார் (மஅல்லின் என்றால் ஆசிரியர்): "மஅல்லின், சியாத் பர்ரே எங்களுக்கு மட்டும் மாமனா? 1992இல் பைதோவாவில் தெருத்தெருவாகப் பட்டினியில் செத்தோம். அதற்கு நாங்கள் எந்த விமானத்தைத் தூக்கி மேடையில் வைப்பது? இவர்கள் செத்ததைச் சொல்லி நாடு கேட்கிறார்கள். நாங்கள் செத்ததைச் சொல்லி என்ன கேட்பது? இருக்கிற ஒரு நாட்டில் என்னை அகதி என்கிறார்கள்." அவர் அங்கே இன்னும் இருக்கிறாரா தெரியாது. 2021 அக்டோபரில் சோமாலிலாந்து அரசு அவரைப் போன்ற தெற்கத்திக்காரர்கள் ஆயிரக்கணக்கானவர்களைக் கிழக்கே சூல் பகுதியில் உள்ள லாஸ் ஆனோத் நகரத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வெளியேற்றியது. ஒற்றுமை வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கும் நியாயமான வலி உண்டு என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான்.

ஹர்கேசாவில் அந்த வலியைப் பேசவும் முடியாது. நான் ஊரை விட்டுக் கிளம்பிய வருடம், 2018 ஏப்ரலில், நயீமா கோரானே என்ற கவிஞருக்கு மூன்று வருடச் சிறை விதித்தார்கள். சோமாலியாவோடு சேர வேண்டும் என்று பேசியதும் எழுதியதும் குற்றம். அடுத்த மாதம் மன்னித்து விட்டார்கள் என்பது வேறு. ஆசிரியர் அறையில் அன்று யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். 2001 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 97 பேர் தனி நாட்டுக்கு ஆதரவு என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். கிழக்கே சூல் பகுதியில் பெரும்பாலானோர் அந்த வாக்கெடுப்பின் பக்கமே வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். மொகதிஷுவின் பக்கமும் கணக்கு நேராக இல்லை. வடக்கின் பெயரில் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் உட்காருகிறவர்களை வடக்கில் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. 2021இல் அந்தத் தேர்தல் மொகதிஷுவிலேயே நடந்தது. ஹர்கேசா மக்களின் பெயரில் ஹர்கேசாவைக் கண்ணால் பாராமல் ஒரு வாக்கு.

லாஸ் ஆனோத்தை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள். துல்பஹாந்தே குலத்தைச் சேர்ந்தவள். வகுப்பில் முன்வரிசையில், சோமாலிலாந்தில் பெரும்பான்மையான ஈசாக் குலத்துப் பெண்களோடு சேர்ந்து உட்காருவாள், ஒரே புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். லாஸ் ஆனோத்தில் வருடக்கணக்காகப் பெரியவர்களை ஒவ்வொருவராகச் சுட்டுக் கொன்றார்கள், கொன்றவர் யார் என்று கண்டுபிடிக்கவே இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் இன்னொரு கொலை நடந்தபோது ஊர் பொங்கியது. 2023 பிப்ரவரி 6 அன்று அந்த ஊர்ப் பெரியவர்கள், நாங்கள் சோமாலிலாந்தில் இல்லை, சோமாலியாவோடு இருப்போம் என்று அறிவித்தார்கள். அன்றே சண்டை தொடங்கியது. சோமாலிலாந்து ராணுவத்தின் குண்டுகள் ஊருக்குள் விழுந்தன. மருத்துவமனை, பள்ளிக்கூடம், பள்ளிவாசல் எல்லாம் அடிபட்டதாகவும், 100 பேருக்கு மேல் இறந்ததாகவும், 600 பேருக்கு மேல் காயம் பட்டதாகவும் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அந்த ஏப்ரலில் பதிவு செய்தது. அதற்குப் பிறகும் நாலு மாதம் சண்டை நீண்டது. ஒரு லட்சத்துக்கு மேல் எத்தியோப்பியாவின் டோலோ பகுதிக்கு ஓடினார்கள்.

அந்தப் பெண் பிப்ரவரியில் எனக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பினாள். நான் ஊர் திரும்பி ஐந்து வருடம் ஆகியிருந்தது. பின்னால் ஆடு கத்துகிற சத்தம், நடுநடுவே தொலைவில் ஏதோ இடிகிற சத்தம். "மஅல்லின், உங்கள் வீட்டு ஈடோ பகலில் மரத்தடியில் ஒளிந்துகொண்டு இரவில் நடந்தார் என்று எங்களுக்குச் சொன்னீர்களே. என் அம்மா இப்போது அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறாள். குண்டு போடுகிறவர்கள் உங்கள் ஈடோவின் பிள்ளைகள்." இருபத்தேழு விநாடிப் பதிவு. அதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

1988இல் அடிபட்டவர்கள் 2023இல் அடித்தார்கள். ஹர்கேசாவில் என் நண்பர்களுக்கு இந்த வாக்கியம் கோபம் தரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சேர்ந்து இருக்க விருப்பம் இல்லாதவரைத் துப்பாக்கி முனையில் வைத்திருக்க முடியாது என்பது அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அது மொகதிஷுவுக்குச் செல்லும் என்றால் லாஸ் ஆனோத்தில் ஹர்கேசாவுக்கும் செல்ல வேண்டும். மொகதிஷுவும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. காதுமோ என்ற பெயரில் அங்கே அமைந்த நிர்வாகத்தை 2023 அக்டோபரில் அது அங்கீகரித்தது. அந்த மக்களின் மேல் உள்ள அக்கறை பாதி, ஹர்கேசாவின் எல்லையைக் குறுக்குகிற ஆசை பாதி என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்கெல்லாம் உங்களைக் கேட்பது எதற்கு? எடுத்து நடத்த ஆள் இல்லாமல் போனதால்தான் இது இவ்வளவு தூரம் வந்தது. 2012இல் லண்டனில் தொடங்கிய ஹர்கேசா, மொகதிஷு பேச்சுவார்த்தை துபாய், அங்காரா, இஸ்தான்புல் என்று ஊர் ஊராக அலைந்தது. 2020 ஜூனில் ஜிபூத்தியில் உதவிப் பணம், வான்வெளி, பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் துணைக்குழுக்கள் போடும் அளவுக்கு வந்து நின்றுபோனது. அந்த வருடத் தொடக்கத்தில் அன்றைய சோமாலிய அதிபர் ஃபர்மாஜோ, வடக்கில் சியாத் பர்ரே அரசு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல்லை யாராவது பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கலாம். யாரும் போகவில்லை. இடைவெளியில் வெளியாட்கள் வந்தார்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று பெர்பெரா துறைமுகத்தை எடுத்தது. துருக்கி மொகதிஷுவில் ராணுவத் தளம் கட்டியது. 2024 ஜனவரி 1 அன்று கடல் இல்லாத எத்தியோப்பியா சோமாலிலாந்தோடு ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. மொகதிஷு அதை எதிர்த்தது. அது போர் வரை போகுமோ என்ற பயம் அந்த டிசம்பரில் அங்காராவில்தான் தணிந்தது. எத்தியோப்பியாவும் சோமாலியாவும், ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகள், ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச அங்காரா போனார்கள். உங்கள் தலைமையகம் ஹர்கேசாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்.

நான் கேட்பவை இவை.

2005ஆம் ஆண்டுக் குழுவின் அறிக்கையை முழுதாக, அதிகாரபூர்வமாக வெளியிடுங்கள். அமைதி மற்றும் பாதுகாப்பு மன்றத்தில் அதைத் தேதி குறித்து விவாதத்துக்கு எடுங்கள். அதே வருட விண்ணப்பத்துக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். இல்லை என்பதுதான் பதில் என்றால் காரணங்களோடு இல்லை என்று எழுதுங்கள். ஈடோவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

புதிய குழு ஒன்றை அனுப்புங்கள். ஹர்கேசாவின் நல்ல ஓட்டல்களோடு அது திரும்பிவிடக் கூடாது. புராவோ, பொராமா, எரிகாவோ, லாஸ் ஆனோத், டோலோ முகாம்கள், மொகதிஷு, பைதோவா வரை போகட்டும். பிரிய வேண்டும் என்பவர்களையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பவர்களையும் கேட்கட்டும். சாட்சி சொன்னதற்காக யாரையும் சிறையில் போடமாட்டோம் என்று ஹர்கேசா அரசிடமும் மொகதிஷு அரசிடமும் லாஸ் ஆனோத் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

பேச்சுவார்த்தையை உங்கள் பொறுப்பில் எடுங்கள். இரு தரப்பும் ஏற்கும் நடுவர் ஒருவரை நியமித்து, 2020இல் ஜிபூத்தியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். சூல், கிழக்கு சனாக் பகுதி மக்களின் பெரியவர்களுக்கு அந்த மேசையில் தனி நாற்காலி வேண்டும். அவர்களை ஹர்கேசாவின் பின்னாலோ மொகதிஷுவின் பின்னாலோ நிற்க வைத்துப் பேசினால் இன்னொரு 2023 வரும்.

1988இல் நடந்ததையும் 2023இல் நடந்ததையும் ஒரே ஆணையம் விசாரிக்கட்டும். ஹர்கேசாவின் மல்கோ துர்துரோ ஓடையில் 1997இல் மழை வெள்ளம் மண்ணை அரித்தபோது வெளியே வந்த எலும்புகளுக்கும், லாஸ் ஆனோத்தில் புதிதாகத் தோண்டிய குழிகளுக்கும் ஒரே பதிவேடு இருக்கட்டும்.

அப்புறம், முடிவு எப்போது வந்தாலும் சரி, அதுவரை மாணவர்களும் நோயாளிகளும் பயணம் போக ஓர் இடைக்கால ஆவணத்துக்கு உங்கள் உறுப்பு நாடுகளிடமாவது சம்மதம் வாங்குங்கள். யாருடைய நாட்டையும் அங்கீகரிக்காமல், யாருடைய கொடியும் அட்டையில் இல்லாமல், பிறந்த ஊரும் பெயரும் மட்டும் போட்டுக் கொடுக்க முடியும். உங்கள் அடுத்த உச்சி மாநாட்டுக்கு முன் இதைச் செய்துவிடலாம். அந்தத் தூதரக ஜன்னல் முன்னால் இந்த வருடமும் யாரோ ஒரு பிள்ளை பச்சை அட்டையோடு நின்றுகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஹர்கேசாவில் ஆறு வருடம் கணக்குப்பதிவியல் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியர்